பத்துக்கு இரண்டு

சென்ற இலையுதிர் காலம் முதல் எங்கள் சுகாதார நிலையத்தில் நோயாளிகளுக்கு மதிப்பெண் போடுகிறோம். ரத்த அழுத்தம், எடை, சர்க்கரை எல்லாம் இருக்கும் கணினிப் பக்கத்தின் அடியில் ‘புரிதல்’ என்று ஒரு கட்டம் புதிதாக முளைத்தது. பத்துக்கு எவ்வளவு என்று அதில் ஓர் எண்ணைப் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். போடாவிட்டால், ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தாலும் நோயாளி அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதைக் கொண்டுவந்தவர் டாக்டர் ரெல்யா. முப்பத்தொரு வயது. பழைய டாக்டர் ஓய்வுபெற்று வேறு ஊரிலிருக்கும் மகளோடு போய்விட்ட பிறகு, போன கோடையில் தலைநகர் பெல்கிரேடிலிருந்து வந்தவர். வந்த மூன்றாம் மாதம், வெளிநாட்டு நிதியில் மலைமேல் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி. ஒரு சான்றிதழோடும் நான்கு பெட்டி துண்டறிக்கைகளோடும் திரும்பினார். நாம் சொல்வது நோயாளிகளில் பாதிப் பேருக்குப் புரிவதில்லை என்று அங்கே சொன்னார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை. பாதிப் பேர்தானா என்று தோன்றியது.

இருபத்தெட்டு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். எளிமையாகப் பேசத் தெரிந்தவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அந்த எளிமை எதனால் ஆனது என்று பின்னால் யோசித்தேன். குரலை உயர்த்துவேன். எல்லாவற்றையும் குட்டியாக்குவேன். குட்டி மாத்திரை, குட்டி ஊசி, குட்டி மூச்சு. ஆறடி உயர லாரி ஓட்டுநரிடமும் “அந்தக் குட்டி விரலைக் காட்டுங்க” என்பேன். அவரும் காட்டுவார். ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் திஹோமிரின் கேலிக்கு இது தினசரித் தீனி.

“லுபிங்கா, உன்கிட்ட ஒரு மாசம் வந்துபோனா மனுஷனுக்கு ஈரலே சுருங்கிடும்மா.”

ருமெனா சந்தையில் கீரைக்கடை வைத்திருப்பவள். ஐம்பத்தொரு வயது, என்னைவிட மூன்று வயது சிறியவள். ஒன்பது வருடத்துக்கு முன் அவள் இதயத்தில் உலோக வால்வு வைத்தார்கள். அறை அமைதியாக இருந்தால் அவள் மார்புக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் வரும். அந்த வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டாமலிருக்க ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை. அளவு குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும். கூடினால் உடம்புக்குள் எங்கே வேண்டுமானாலும் ரத்தம் கசியும். அதனால் அடிக்கடி ரத்தம் எடுத்து, உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்போம். வருகிற எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே நிற்க வேண்டும். அவளுக்கு ஒரு நாள் அரை மாத்திரை, மறுநாள் முக்கால்.

மதிப்பெண் போட டாக்டர் அவளை உட்கார வைத்த நாளில் நானும் இருந்தேன். உறைய வைத்த ஏதோ ஒரு பலகாரத்தின் பொட்டலப் படத்தைக் காட்டி, இதை நான்கு பேர் சாப்பிட்டால் ஒருவருக்கு எவ்வளவு உப்பு போகும் என்று கேட்டார். அது முதல் கேள்வி.

ருமெனா படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். “இது நாலு பேருக்குப் பத்தாது டாக்டர்.”

“பத்தும்னு வச்சுக்குங்கம்மா.”

“எப்படி வச்சுக்கறது? என் வீட்டுக்காரன் இதை ஒருத்தனே தின்னுட்டு, சாப்பாடு எப்ப ஆகும்னு கேப்பான்.”

டாக்டர் பூஜ்யம் போட்டார். “சரி, இந்த மாத்திரை எதுக்குச் சாப்பிடறீங்க?”

“உள்ள இருக்கிற கடிகாரம் நின்னுடாம இருக்க.”

‘மருந்தின் செயல்பாடு தெரியவில்லை’ என்று தட்டினார். மொத்தம் பத்துக்கு மூன்று. நான் மனதுக்குள் இரண்டுதான் போட்டிருந்தேன். ஏன் என்று இப்போது சொல்ல முடியும். அவளுடைய நகக்கண்களில் மண் இருந்தது. அந்த மண்ணைப் பார்த்தால் என் குரல் தானாக உயரும்.

ஈஸ்டருக்கு முந்திய ஏழு வாரம் எங்களுக்குப் பெரிய நோன்பு. அது தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் ருமெனா வந்தாள். கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள்.

“டாக்டர், நோன்பு வருது. மாத்திரையைக் கூட்டணும்ல?”

“எதுக்குக் கூட்டணும்? எண் நல்லாத்தானே இருக்கு.”

“நோன்பு டாக்டர். ஏழு வாரம்.”

“நானும்தாம்மா நோன்பு இருக்கப் போறேன். அதுக்கெல்லாமா மாத்திரையை மாத்துவாங்க?” அவள் நீட்டிய தாளை அவர் வாங்கவில்லை. “பழைய தாளெல்லாம் வேண்டாம். கம்ப்யூட்டர்ல இருக்கிறதுதான் சரி. நீங்களா எதையும் கூட்டிக் குறைக்கக் கூடாது. எங்க, நான் சொன்னதை உங்க வார்த்தையில சொல்லுங்க.”

இது மலைமேல் கற்றுக்கொண்ட முறை. நாம் சொன்னதை நோயாளி திருப்பிச் சொல்ல வேண்டும். நோயாளிக்கு வைக்கும் பரீட்சை அல்ல இது, நாம் சரியாக விளக்கினோமா என்று பார்க்கத்தான் என்று துண்டறிக்கையில் போட்டிருந்தது. டாக்டர் அந்த வரியை வாசித்திருக்க மாட்டார். நானும்தான்.

“நானா எதையும் செய்யக் கூடாது,” என்றாள் ருமெனா.

நான் அவள் கையிலிருந்த தாளை வாங்கி, பிரிக்காமலே அவள் பைக்குள் வைத்து, பையை ஒரு தட்டுத் தட்டினேன். குழந்தையிடமிருந்து கத்திரிக்கோலைப் பிடுங்கி ஒளித்து வைக்கிற மாதிரி.

எங்கள் நிலையத்தில் எல்லாரும் நோன்பு இருக்கிறோம். இறைச்சி, பால், முட்டை கிடையாது. அதற்குப் பதிலாகப் பால் கலக்காத சாக்லேட் கேக் உண்டு, நோன்பு வெண்ணெய் என்று ஒன்று உண்டு, பொரித்த உருளைக்கிழங்கு உண்டு. எதிர்ப் பக்க பேக்கரியில் நோன்பு க்ரீம் ரோல் சூடாகக் கிடைக்கும். டாக்டர் ரெல்யா அந்த ஏழு வாரத்தில் நான்கு கிலோ கூடினார். ‘நானும் நோன்புதான்’ என்று அவர் சொன்னபோது பொய் சொல்லவில்லை. அவருடைய தட்டை மனதில் வைத்துச் சொன்னார், அவ்வளவுதான்.

மூன்றாம் வாரம் ருமெனாவின் எண் 1.9. ஐந்தாம் வாரம் 1.6.

“மாத்திரையை மறந்துடறாங்க சிஸ்டர்,” என்று அவள் எதிரிலேயே டாக்டர் என்னிடம் சொன்னார். மேசையில் பாதி தின்ற க்ரீம் ரோல் இருந்தது.

“மறக்கல டாக்டர்,” என்றாள் ருமெனா.

“மறக்கிறது தப்பில்லம்மா. எல்லாருக்கும் வர்றதுதான்.”

“எனக்கு வரல.”

நான் அலமாரியைத் திறந்து ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, ஒவ்வோர் அறையையும் விரலால் தொட்டு, “இது திங்கள், இது செவ்வாய்” என்று சத்தமாகச் சொல்லிக் காட்டினேன். ஞாயிறு வரை பொறுமையாகக் கேட்டாள். “கிழமை தெரியும் சிஸ்டர். செவ்வாயும் வெள்ளியும் சந்தை,” என்றாள்.

பிறகு துண்டறிக்கை. ரத்தத்தை உறைய வைக்கும் காய்கறிகளைத் தவிர்க்கவும் என்று வண்ணப் படங்களோடு இருந்தது. எங்கேயோ அச்சடித்ததை அப்படியே மொழிபெயர்த்திருந்தார்கள். ப்ரோக்கோலி, கேல், அவகாடோ. ருமெனா கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்தாள். நாங்கள் இருவரும் பொறுமையிழந்து நின்றோம்.

“இதுல நான் திங்கிறது ஒண்ணுமே இல்லையே டாக்டர்.”

“ரொம்ப நல்லது. கையெழுத்துப் போடுங்க.”

போட்டாள். இனிமேல் தினமும் ஒரு முழு மாத்திரை என்றார் டாக்டர். அடுத்த முறை வந்தபோது எண் 2.6. டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “பார்த்தீங்களா? சொன்னபடி கேட்டா உடம்பும் கேக்கும். மே பதினொண்ணு வாங்க.” ஈஸ்டர் ஏப்ரலில். அதன்பின் மே தின விடுமுறை. இரண்டுக்கும் சேர்த்து அவர் விடுப்பு எடுத்திருந்தார்.

“இந்த அளவு எது வரைக்கும் டாக்டர்?”

“அடுத்த தடவை வர்ற வரைக்கும். எங்க, உங்க வார்த்தையில சொல்லுங்க.”

“தினமும் ஒண்ணு. எது வரைக்கும்னு நீங்க சரியா சொல்லல.”

“நான் சொல்லாததைச் சேர்க்கக் கூடாதும்மா.”

பத்துக்கு இரண்டு என்று மாற்றினார். எதிர்க் கேள்வி கேட்பதற்குக் கழிக்கும்படி விதி ஏதும் இல்லை. எண் சரியாக விழுந்த சந்தோஷத்தில் இருந்தவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. அவள் எழுந்து போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் அச்சு இயந்திரத்தில் தாளைச் சொருகிக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்திய வியாழக்கிழமை முட்டை வாங்கச் சந்தைக்குப் போனேன். ருமெனா கடைக்குப் பின்னால் கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து, மடியில் ஒரு பானையை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கரும்பச்சையாக ஏதோ களி.

“என்ன அது?”

“காஞ்சொறிக் கீரை. வெந்தா அரிக்காது. பூண்டும் சோள மாவும் போட்டது. புதன் வெள்ளிக்கு எண்ணெய் கிடையாது, மத்த நாள்ல ஒரு சொட்டு. தர்றேன், சாப்பிடறீங்களா?”

“தினமுமா இது?”

“வேற என்ன? ஒரு நாள் காஞ்சொறி, ஒரு நாள் பசலை. விக்காததெல்லாம் என் வயித்துல.” சிரித்தாள். “ஞாயித்துக்கிழமையோட விடுதலை. ஆட்டுக்குட்டி சொல்லியாச்சு. அடுத்த வருஷம் வரைக்கும் பச்சையைக் கண்ணால பாக்க மாட்டேன், வித்தாலும்.”

பச்சைக் கீரை ரத்தத்தை உறையத் தள்ளும் என்பது நர்ஸ் படிப்பின் முதல் வருடத்தில் வருவது. ஏழு வாரம் அவள் கீரையாலேயே வாழ்ந்திருக்கிறாள். அதனால்தான் எண் இறங்கியது. கீரையை எதிர்த்து நிற்கத்தான் அந்த முழு மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை கீரை நின்றுவிடும். மாத்திரை நிற்காது. வழக்கத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேலான அளவை, மே பதினொன்று வரை, நாங்கள் சொன்னபடி, தவறாமல் விழுங்குவாள். மூளைக்குள் ஒரு சின்னக் குழாய் கசிந்தால் போதும்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பண்டிகை முட்டைக்குச் சிவப்புச் சாயம் போட வெங்காயத் தோல் இருக்குமா என்று கேட்டேன். ஒரு பை நிறையக் கொடுத்தாள்.

நர்ஸ் மருந்தின் அளவை மாற்றக் கூடாது என்று வழியெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். அது உண்மைதான். உண்மையைப் பிடித்துக்கொண்டு ஒளிந்துகொள்வது எவ்வளவு வசதி என்று அன்றைக்குத் தெரிந்தது. சொல்வதென்றால் கீரைக்காரி என்ன சாப்பிடுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் காரில் கிரேக்கக் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், துண்டறிக்கை குடுத்தோம்ல?”

“குடுத்தோம் டாக்டர்.”

“கையெழுத்து வாங்கினோம்ல?”

“வாங்கினோம். ஆனா அதுல காஞ்சொறி இல்ல டாக்டர், அவகாடோதான் இருக்கு.”

“கீரைன்னு பொதுவாப் புரிஞ்சுக்க வேண்டாமா? இதைத்தான் சொல்றேன், புரிதல் கம்மி…” சுரங்கப் பாதை வந்து இணைப்பு அறுந்தது. அவரும் திரும்பக் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை முட்டைக்குச் சாயம் போட்டேன். அவள் கொடுத்த வெங்காயத் தோலில் அருமையாகச் சிவந்தன. சனிக்கிழமை வீட்டைத் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மேசையில் வறுத்த ஆட்டுக்குட்டி. நாத்தனார் என் தட்டில் ஒரு துண்டை வைத்தாள். வாயில் போட்டேன். கொழுப்பு நாக்கில் உருகியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வாயிலும் இதே நேரம் இது உருகும் என்று தோன்றியதும் முள்கரண்டியைக் கீழே வைத்தேன். மேல்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பாலம் கடக்கும்வரை, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிவந்தால் யாரிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். அதில்கூட என் பெயர் வராத மாதிரிதான் வாக்கியங்களை அமைத்தேன்.

கதவைத் திறந்தது ருமெனாதான். வாய் எண்ணெயில் மின்னியது.

“கிறிஸ்து உயிர்த்தார்,” என்று ஈஸ்டர் வாழ்த்தைச் சொன்னேன், மூச்சிரைக்க.

“மெய்யாகவே உயிர்த்தார். என்ன சிஸ்டர், ஓடி வந்திருக்கீங்க? யாருக்கு என்ன?”

“உங்களுக்குத்தான். மாத்திரை இன்னைக்குச் சாப்பிட்டீங்களா? ஒண்ணு? முழுசா?”

“முதல்ல முட்டை.” கூடையிலிருந்து ஒரு சிவப்பு முட்டையை என் கையில் திணித்து, தன்னுடையதால் முட்டினாள். என்னுடையது உடைந்தது. வெற்றிக் களிப்போடு என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள். மேசையில் ஒரு தட்டில் கத்தி, பக்கத்தில் பாதியாக நறுக்கிய மாத்திரை.

“இன்னைக்கு அரை. நேத்து முக்கால். வெள்ளிக்கிழமையோட முழுசை நிறுத்திட்டேன்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். “யாரு சொன்னாங்க?”

“நீங்கதான்.”

அலமாரிக் கதவைத் திறந்தாள். உள்பக்கத்தில், நான்கு மடிப்புத் தெரிய, அந்தத் தாள் ஒட்டியிருந்தது. ‘பெரிய நோன்பில் தினமும் ஒன்று. பெரிய வெள்ளியோடு நிறுத்தி, மறுநாளிலிருந்து பழையபடி முக்காலும் அரையும். பண்டிகைக்குப் பிறகு ரத்தம் பார்க்கவும்.’ கீழே பழைய டாக்டரின் முத்திரை. மேலே இருந்தது என் கையெழுத்து. ஆறு வருடத்துக்கு முன் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. நோயாளிகளின் பழைய அட்டைகளையெல்லாம் கணினியில் ஏற்றியதும் நான்தான். நோன்புக்கென்று கட்டம் எதுவும் இல்லாததால் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பேன். எனக்கு அது நினைவில்கூட இல்லை.

“ஏன் ருமெனா என்கிட்டச் சொல்லல?”

“தாளை நீட்டினேன். நீங்க பிரிக்காமலே உள்ள வச்சுட்டீங்க.” கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “டாக்டர் பேச்சைக் கேட்டு முதல்ல கூட்டாம இருந்தேன். எண் விழுந்துச்சு. படி ஏறினா மூச்சு வாங்குச்சு. ராத்திரியில கடிகாரச் சத்தம் சரியா வருதான்னு கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன். பயந்துதான் போனேன். அப்புறம் எது வரைக்கும்னு கேட்டுப் பாத்தேன், அவருக்குத் தெரியுமான்னு. தெரியலன்னு தெரிஞ்சுபோச்சு. சரி, சின்ன வயசு, மூஞ்சி வாடிடும்னு விட்டுட்டேன்.”

ஒரு கிண்ணத்தில் ஆட்டுக்கறியும் சின்னக் குப்பியில் பிளம் சாராயமும் என் முன் வைத்தாள். சாராயத்தைக் குடித்தேன்.

“இப்ப நீங்க சொல்லுங்க சிஸ்டர்.”

“என்ன?”

“நான் சொன்னதை. உங்க வார்த்தையில.” கேலியா இல்லையா என்று அவள் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. “நான் சரியா விளக்கினேனான்னு பாக்கத்தான்.”

“நோன்புக்கு… கீரை சாப்பிடறதால ரத்தம் கெட்டியாகும். அதனால ஒரு முழு மாத்திரை. ஈஸ்டர் அன்னைக்கு…”

“அன்னைக்கு இல்ல. முன்னாடியே. உடம்பு ஒரே நாள்ல திரும்புமா என்ன, மாட்டு வண்டிகூட மெதுவாத்தான் திரும்பும். மறுபடி சொல்லுங்க.”

மறுபடி சொன்னேன். என் குரல் உயரவில்லை என்பதைக் கவனித்தேன். ஒன்றும் குட்டியாகவும் இல்லை.

“நாலு போடலாம்,” என்றாள். “சாப்பிடுங்க, ஆறிடும்.”

செவ்வாய்க்கிழமை திஹோமிர் அவள் ரத்தத்தை எடுத்தான். எண் 3.0. மே மாதம் கறுத்துப்போய்த் திரும்பிய டாக்டர் ரெல்யா அதைப் பார்த்துவிட்டு, நிதி கொடுத்தவர்களுக்கான அறிக்கையில் ருமெனாவை முதல் உதாரணமாக எழுதினார். துண்டறிக்கைக்குப் பின், திருப்பிச் சொல்லும் முறையால், புரிதல் இரண்டிலிருந்து ஒன்பதாக உயர்ந்தது. அதை என்னைத்தான் தட்டச்சு செய்யச் சொன்னார்.

நான் நடந்ததைச் சொன்னேன். காஞ்சொறி, தாள், என் கையெழுத்து, சாராயம் உட்பட எல்லாவற்றையும். நல்ல பையன்தான், குறுக்கே பேசாமல் கேட்டார். காது சிவந்தது. ருமெனாவின் பக்கத்தைக் கணினியில் திறந்தார்.

“சரி சிஸ்டர். ஆனா இதை எந்தக் கட்டத்துல போடறது?”

இருவரும் தேடினோம். உணவு என்று கட்டம் இல்லை. மதம் என்று ஒன்று இருந்தது, ஆனால் அது பட்டியலிலிருந்து தேர்வு செய்ய மட்டும். பழக்கங்கள் என்றால் புகை, மது, அவ்வளவுதான். கடைசியில் எழுத இடம் தந்தது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வாமை. அதிலும் ஒரு சொல்லுக்கு மேல் ஏற்கவில்லை.

அதனால் இப்போது ருமெனாவின் பக்கத்தைத் திறந்தால் சிவப்புப் பட்டை பளிச்சிடுகிறது. ‘எச்சரிக்கை! ஒவ்வாமை: ஈஸ்டர்.’

திஹோமிர் ஒரு வாரம் சிரித்தான். நான் அதை மாற்றவில்லை. நானும் டாக்டரும் இல்லாமல் போன பிறகு, அந்த நாற்காலியில் உட்காரும் யாரோ ஒருவர், இது என்ன கூத்து என்று திரும்பி அவளிடமே கேட்டாக வேண்டும்.